தங்கமீனுக்கு மணி கட்டினவன்

ஐயய்யோ, தங்கமீன் மட்டும் கேக்காதீங்க சார்! வேற எதுவேணா கேளுங்க, கலந்து தரேன். இந்தத் தெருவுக்கு வர்ற டூரிஸ்ட் அத்தன பேருக்கும் அது ஒண்ணுதான் வேணும். அப்படி என்ன இருக்கு அதுல? ரம்மு, ஆரஞ்சு ஜூஸு, கொஞ்சம் இஞ்சி. மேல மிதக்கற மீனு வெறும் ஆரஞ்சுத் தோலு. தெனம் உக்காந்து அறுபது மீன் வெட்டறேன், இந்தக் கட்டைவிரலப் பாருங்க... பாதிப்பேரு குடிக்கறதுகூட இல்ல சார். போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க.

சரி, அதக்கூட விடுங்க. இந்த மணி! ஒவ்வொரு தங்கமீனுக்கும் மூணு தடவ அடிக்கணும், நாங்க எல்லாரும் "மீன் விழுந்துச்சு!"ன்னு கத்தணும். மாடியிலதான் சார் எங்க வீடு. நாலு மாசக் கைக்குழந்தை. என் பொண்டாட்டி அதத் தூங்கவெச்சுட்டு மூச்சு விடறதுக்குள்ள டங், டங், டங்! வீல்னு ஒரு அழுகை. அவளும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தா. போன வாரம் புள்ளையத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. மணி நின்னாத்தான் வருவாளாம். வீடே வெறிச்சுனு கெடக்கு சார். எனக்கு இருப்பே கொள்ளல.

முதலாளிகிட்டக் கெஞ்சினேன். "மணி இல்லாம தங்கமீனா? போய்யா"ன்னுட்டாரு. இன்னிக்கு அவளே வர்றா, "எவன் இந்தப் பாழாப்போன மணியக் கட்டினது"ன்னு அவர நேருக்கு நேரா கேக்கறதுக்கு! அவரக் கேட்டா நான் மாட்டிக்குவேன் சார்.

ஏன்னா... சிரிக்கக் கூடாது, ஆமா. கட்டினது நான்தான்! அப்ப அவ எதிர்க்கட மாடியில தையல் வேல பாத்தா. மெஷின்ல குனிஞ்சா நிமிரவே மாட்டா. மணி அடிச்சா மட்டும் ஜன்னல்ல எட்டிப் பாப்பா. ஒரே நாள்ல நாப்பது தங்கமீன் வித்தேன் சார், நாப்பது தடவையும் பாத்தா! கல்யாணத்துக்கப்பறம் யாரு வேலை இதுன்னு கேட்டா. வெக்கமாப் போச்சு... முதலாளி உத்தரவுன்னு சொல்லித் தப்பிச்சுட்டேன்.

சார், அந்த ஸ்டூலக் கொஞ்சம் அழுத்திப் புடிங்க. மணியக் கழட்டிடறேன். வேல போனாலும் போகுது, புள்ளையப் பாத்து எட்டு நாளாச்சு... ஐயா முதலாளி, கத்தாதீங்க! கட்டினவன் நான், கழட்டறவனும் நான்தான்! அவ என்னத் திரும்பிப் பாக்கணும்னுதான் கட்டினேன், போதுமா?

என்ன சார், வாசலையே பாக்கறீங்க?

வந்துட்டாளா? எல்லாத்தையும் கேட்டுட்டாளா? ஐயோ, எனக்குத் திரும்பவே பயமா இருக்கு... நீங்களே பாத்துச் சொல்லுங்க சார். சிரிக்கறாளா, மொறைக்கறாளா?