குடை மாட்டிய பச்சைக் கதவு

செங்கொடி: ...அப்ப நீயே அடிக்கிற. உன் கையாலயே.

சாலமோன்: ஏணியாண்ட நின்னுகினு பேசாத கொடி. சுண்ணாம்பு கண்ணுல தெறிக்கும்.

செங்கொடி: தெறிக்கட்டும். கண்ணு தெரியலன்னா உன்ன பாக்கற கொடுமையாவது இல்லாம போவும்.

சாலமோன்: என்ன பாக்கலன்னா தூக்கம் வரலன்னு நேத்து சொன்ன?

செங்கொடி: நேத்து நீ மனுஷன். இன்னிக்கு காண்ட்ராக்டர் புள்ள.

சாலமோன்: நேத்தும் நான் ராசையா புள்ளதான். தண்டையார்பேட்டைல பெயிண்ட் கடை வெச்சிருக்கற அதே ராசையா.

செங்கொடி: அந்தக் கடைலதான இந்த சொவுத்துக்கு பெயிண்ட் வாங்கினோம்? நீதான டப்பாவ வண்டில கட்டிகினு எர்ணாவூர் வரைக்கும் கொண்டாந்த? எங்க அம்மாவோட பழைய கதவு இன்னா நீலம்னு நாலு வாட்டி கேட்டுகினு போயி கலந்து குடுத்தது யாரு?

சாலமோன்: நான்தான்.

செங்கொடி: இப்ப அது மேல வெள்ள அடிக்கிறது யாரு?

சாலமோன்: ...அதுவும் நான்தான். அந்த பக்கெட்ட கொஞ்சம் இப்படி தள்ளேன்.

செங்கொடி: காலால தள்ளுவேன். பரவால்லையா?

சாலமோன்: இன்னா பண்ண சொல்ற? நாளைக்கு காலைல தண்ணி டேங்கு தெறப்பு விழா. பெரிய ஆளுங்க வராங்க. மேடைக்கு எதுத்தாப்புல இந்த சொவுரு. வெள்ளையா இருக்கணும்னு ஆபீசர் சொல்லிட்டாரு.

செங்கொடி: ஏனாம்?

சாலமோன்: "இன்னாய்யா இது, சொவுரு பூரா கதவா வரைஞ்சி வெச்சிருக்காங்க, எதுக்கு"ன்னு கேட்டாரு.

செங்கொடி: நீ இன்னா சொன்ன?

சாலமோன்: கால்வாயாண்ட இவங்க இருந்த தெருவ இடிச்சிட்டு இங்க கொண்டாந்து வெச்சாங்க சார், அந்த வூட்டுக் கதவுங்கள அவங்கவங்களே ஞாபகமா வரைஞ்சிகிறாங்கன்னேன்.

செங்கொடி: அதுக்கு?

சாலமோன்: "அப்ப கண்டிப்பா அடிச்சிடு"ன்னாரு.

செங்கொடி: சிரிக்காத. எனக்கு சிரிப்பு வரல.

சாலமோன்: வாய் கோணுதே.

செங்கொடி: அது கோவம். கோவத்துலயும் கோணும்... சரி, நீ மாட்டேன்னு சொல்லிருக்கலாம் இல்ல?

சாலமோன்: வேலைய ஒத்துகினது எங்கப்பா. வாணாம்பான்னு கெஞ்சினேன். "எடுத்தாச்சு, போ"ன்னுட்டாரு. அதோட பேச்சு முடிஞ்சிச்சு.

செங்கொடி: உங்கப்பாவுக்கு எங்க தெருன்னாலே ஆவாது.

சாலமோன்: அப்படிலாம் இல்ல.

செங்கொடி: இல்லையா? அன்னிக்கு பிரஷ் வாங்க கடைக்கு வந்தேன். "எந்தத் தெரு"ன்னாரு. கால்வாய்க்கரைத் தெருன்னேன். "அப்பா பேரு"ன்னாரு. லோகநாதன்னேன். அவ்ளோதான். கல்லாவ அப்படியே போட்டுட்டு எழுந்து உள்ள போயிட்டாரு. அப்புறம் வெளிய வரவே இல்ல. பிரஷ்ஷ வேலைக்காரர்தான் எடுத்துக் குடுத்தாரு.

சாலமோன்: அதையே எத்தினி மாசமா சொல்லிகினு இருப்ப?

செங்கொடி: கல்யாணம் ஆவற வரைக்கும். ஆனா இந்த சொவுரு போச்சின்னா அந்தப் பேச்சே இல்ல. வெள்ளச் சொவுத்தப் பாத்துகினே என்னால உன் கைல சோறு வாங்கி துன்ன முடியாது.

சாலமோன்: சோறு நீ ஆக்க மாட்டியா?

செங்கொடி: நீதான் ஆக்குவேன்னு மெரினாவுல சத்தியம் பண்ண.

சாலமோன்: ...கொடி. இங்க பாரேன். பிரஷ்ஷு வழுக்குது.

செங்கொடி: உன் கை வழுக்குது.

சாலமோன்: இல்ல, மெய்யாலுமே. ரெண்டு கோட்டு அடிச்சிட்டேன். புடிக்கவே மாட்டேங்குது. முத்து முத்தா நிக்குது, தாமரை எல மேல தண்ணி மாதிரி.

செங்கொடி: காத்து அடிக்குது இல்ல. கடக்காத்து. உப்பு.

சாலமோன்: கடக்காத்துக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்?

செங்கொடி: எனக்கு இன்னா தெரியும், நான் ஆஸ்பத்திரில பில்லு போடறவ. நீதான பெயிண்டுக் கடை... நீ அடி, அடி. நெறைய அடி.

சாலமோன்: இன்னாது?

செங்கொடி: இல்ல... எப்படியும் அடிக்கப் போற. நல்லா அடியேன்னேன்.

சாலமோன்: இப்பதான பக்கெட்ட எட்டி ஒதைக்கிறேன்ன?

செங்கொடி: மனசு மாறிட்டேன். மனுஷி மாறக்கூடாதா?

சாலமோன்: ...இந்த மூலைல ஒண்ணுதான் பாக்கி. பச்சைக் கதவு. இது யாரோடது கொடி? எல்லார் கதவும் எனக்குத் தெரியும். ரமாபாய் அக்காவோடது கோலம் போட்ட மஞ்சக் கதவு. அன்புமணி அண்ணன் கதவுல ஆணில தொங்கற சைக்கிள் டயரு. இது மட்டும் தெரியல.

செங்கொடி: யாருக்குமே தெரியாது. ஒரு நாள் காலைல வந்து பாத்தா கீது. எங்க தெருல பச்சைக் கதவே கிடையாதுன்னு அம்மா சொல்லுது. அதுவும் பாரு, தாப்பாள்ல ஒரு கருப்புக் குடை வேற மாட்டிகீது.

சாலமோன்: உங்க நைனாவ கேட்டியா? அவருக்குத் தெரியாத வூடு கிடையாதே.

செங்கொடி: கேட்டேன். அத்தப் பாத்து பாத்து சிரிக்கிறாரு. "குடைய திருப்பிக் குடுக்க வருவான், அப்ப கேட்டுக்க"ன்றாரு. வயசாயிடுச்சி, ஏதோ பேசறாருன்னு உட்டுட்டேன்.

சாலமோன்: ஒரு நிமிஷம்... மேல பாரு. மேல பாரு.

செங்கொடி: இன்னா?

சாலமோன்: ரமாபாய் அக்கா கதவு. எட்டிப் பாக்குது.

செங்கொடி: ஐயய்யோ. அதுக்குள்ளயா?

சாலமோன்: அதோ, உங்க நீலமும் வந்துடுச்சி. காய காய அப்பளம் மாதிரி உரிஞ்சிகினு விழுது... "அதுக்குள்ளயா"ன்னா இன்னா அர்த்தம்? எப்ப விழும்னு நெனச்ச?

செங்கொடி: நான் ஒண்ணும் நெனைக்கல.

சாலமோன்: கொடி.

செங்கொடி: ...ரெண்டு நாளு நிக்கும்னு நெனச்சேன். விழா முடிஞ்சி விழும்னு. வூட்டுப் பின்னாடி ஒரு பலகைல அடிச்சிப் பாத்தேன், நின்னுதே.

சாலமோன்: இன்னா பண்ணீங்க சொவுத்த?

செங்கொடி: ஞாயித்துக்கெயம பொம்பளைங்க எல்லாம் சேந்து, அவங்கவங்க கதவுல மெழுகுவத்திய தேச்சோம். கடைல இருந்த அத்தினி மெழுகுவத்தியும் வாங்கிட்டோம். கடைக்காரரு இன்னா விசேஷம்னு கேட்டாரு. கரண்ட் இல்லன்னோம். எர்ணாவூருன்னதும் நம்பிட்டாரு.

சாலமோன்: என்கிட்ட சொல்லிருக்கலாம் இல்ல?

செங்கொடி: நீ காண்ட்ராக்டர் புள்ள. எப்படி சொல்றது?

சாலமோன்: சொல்லிருந்தா நான் பசையாவது போட்டிருப்பேன்.

செங்கொடி: ...இன்னாது?

சாலமோன்: சுண்ணாம்புல பசை கலந்தாதான் சொவுத்துல நிக்கும். நான் கலக்கல. வெறும் சுண்ணாம்பு. விழா முடிஞ்சி அவங்க போனதும், டேங்குல வர்ற மொதத் தண்ணிய புடிச்சி சொவுத்த கழுவி உட்டுடலாம், அப்ப உன் மூஞ்சப் பாக்கலாம்னு...

செங்கொடி: இத்த என்கிட்ட சொல்லிருக்கலாம் இல்ல?

சாலமோன்: சொன்னா நீ ரமாபாய் அக்காகிட்ட சொல்லுவ. அக்கா மைக்கு வெச்சி சொல்லும்.

செங்கொடி: ஒரு மணி நேரமா திட்டறேன். வாங்கிகினு நின்னியே.

சாலமோன்: நல்லா இருந்துச்சி. கோவத்துல மூக்கு செவக்குது உனக்கு.

செங்கொடி: மூக்க அப்புறம் பாரு. சொவுத்தப் பாரு. பாதி தெருவே வெளிய வந்துடுச்சி. ஆபீசர் எப்ப வராரு?

சாலமோன்: இருட்டறதுக்குள்ள வந்து பாக்கறேன்னாரு. வெள்ள நிக்கலன்னா, மிஷின் வெச்சி சொரண்டிட்டு சிமெண்ட் பூசிடுவேன்னு காலைலயே சொல்லிட்டு போனாரு.

செங்கொடி: சொரண்டினா...

சாலமோன்: சொரண்டினா ஒண்ணுமே மிஞ்சாது.

செங்கொடி: வூட்ட இடிச்சப்ப அம்மா அழல தெரியுமா? இந்தக் கதவ வரைஞ்சி முடிச்சிட்டு, அதுல கை வெச்சிகினுதான் அழுதுச்சி. இதுவும் போச்சின்னா... சாலு, ஏதாவது பண்ணு. இப்பவே பசை கலந்து அடி.

சாலமோன்: மெழுகு மேல எந்தப் பசையும் நிக்காது... ஐயோ. பேஜாரா போச்சி. ஆட்டோல எங்கப்பா வந்து இறங்கறாரு.

செங்கொடி: நான் போயிடவா?

சாலமோன்: எங்க போவ? இது உன் வூடு.

ராசையா: ஏல, என்னல ரெண்டு பேரும் சொவரப் பாத்துட்டு செல மாதிரி நிக்கிய?

சாலமோன்: ஒண்ணும் இல்லப்பா... கடக்காத்து.

ராசையா: காத்துல சுண்ணாம்பு பறக்குமால? பசை கலந்தியா?

சாலமோன்: நீ ஏன்பா இவ்ளோ சீக்கிரம் வந்த?

ராசையா: கேக்கேன்லா.

சாலமோன்: கலக்கலப்பா. வேணும்னேதான் கலக்கல. கடை பேரு கெட்டா நான் பாத்துக்கறேன். அவள ஒண்ணும் சொல்லாத.

ராசையா: உன் வண்டில பசை டப்பா ஏத்துனேனா நான்?

சாலமோன்: ...இல்ல. மறந்துட்டேன்னு நெனச்சேன்.

ராசையா: முப்பது வருசமா பெயிண்டு விக்கவன் பசைய மறப்பானால? "அப்பா, பசை எங்க"ன்னு நீ போன் பண்ணுவியோன்னு காலைலருந்து கல்லாவுல பயந்துட்டே இருந்தேன். போன் வரல. அப்பதான் இவன் நம்ம புள்ளன்னு நெஞ்சு ஆறுச்சு.

செங்கொடி: அங்கிள்... அப்ப நீங்களும்?

ராசையா: நான் மாட்டேன்னா வேற எவனாவது சொரண்டிட்டு அடிச்சிருப்பான். அதான் முந்திட்டு எடுத்தேன். ஆனா மழைக்கோ தண்ணிக்கோதான கரையணும்? இப்பமே எப்படிக் கொட்டுது?

சாலமோன்: இவங்க தெரு பொம்பளைங்க மெழுகுவத்திய தேச்சி வெச்சிட்டாங்கப்பா.

ராசையா: மெழுகா? அட, கெட்டிக்காரப் புள்ளைய. ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்த சொல்லிக்கிட்டா என்ன?

செங்கொடி: நீங்க சொன்னீங்களா?

ராசையா: ...அதுவும் நியாயந்தான். ஏல, ஆட்டோல மடிச்சு வெச்சிருக்க துணிய எடுத்துட்டு வா.

சாலமோன்: இன்னா துணி?

ராசையா: பசையில்லாத சுண்ணாம்பு முந்தியே உதுந்துட்டா மறைக்கலாம்னு சாமியானாக்காரன்ட்ட வாங்குன வெள்ளத் துணி. கொசுவம் வெச்சு மேலருந்து கீழ வரைக்கும் கட்டு. நடுவுல சீரியல் பல்பு. மேடைக்கு எதுத்தாப்புல ஜோடனைன்னு சொல்லுவோம். ஆபீசர் கைகுடுத்துட்டுப் போவான். இந்தச் சொவரு கண்ணுல படக்கூடாது, அதான அவங்களுக்கு வேணும்?

செங்கொடி: துணிய அவுத்தப்புறம் தெரிஞ்சிடுமே. திரும்பி வந்து பாத்தா?

ராசையா: யாரு வருவா? ரிப்பன் வெட்டுன பெறவு, தண்ணி வரலன்னு நாம கூப்பிட்டாலே அவங்க இந்தப் பக்கம் வர மாட்டாங்க.

சாலமோன்: அப்பா, நீ இதுக்கெல்லாம் மெனக்கெடற ஆளே இல்லயே. இன்னாபா விஷயம்?

ராசையா: முதல்ல அந்த மூலையில அடிக்காம விட்டுருக்கியே, அதுல துணி ஒரசாம கட்டு. நான் வரைஞ்சது. பூச்சு லேசாத்தான் இருக்கும்.

செங்கொடி: எது? பச்சைக் கதவா?

சாலமோன்: நீயா வரைஞ்ச?

ராசையா: கடை தெறக்கதுக்கு முன்னாடி, விடியக்காலைல வந்தேன். டிரங்குப் பெட்டியோட மெட்ராசுக்கு வந்த புதுசுல அந்தத் தெருலதான் கெடந்தேன், ஒரு வருசம். கதவே இல்லாத குடிசை. இவ அப்பா லோகநாதந்தான் எங்கயோ ஒரு பழைய கதவத் தூக்கிட்டு வந்து மாட்டுனாரு. பச்சக் கதவு. நான் கெளம்புன மறு மழைல குடிசை போச்சு. அதான் ஒருத்தருக்கும் நெனப்பில்ல.

சாலமோன்: சொந்தக்காரங்க வூட்ல தங்கியிருந்தேன்னுதான அம்மாகிட்ட சொன்ன? ஊர்ல எல்லாரும் அப்படித்தான நெனச்சிகினு கீறாங்க?

ராசையா: ஆமா. எந்தத் தெரு, எந்த ஆளுங்கன்னு உங்கம்மா வீட்டுக்காரங்க தோண்டித் தோண்டிக் கேப்பாங்க. அவங்களுக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன். ஆனா சொன்னது பொய்யின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தோணல.

செங்கொடி: அப்படின்னா... நான் கடைக்கு வந்த அன்னிக்கு, நைனா பேர சொன்னதும் ஏன் எழுந்து உள்ள போனீங்க?

ராசையா: குடையத் தேடத்தாம்மா போனேன். அந்தத் தெருவ விட்டுக் கெளம்புன அன்னைக்கு நல்ல மழை, உங்க அப்பா குடுத்துவிட்டது. பரணுல பத்திரமாத்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாரேன்னு அவருட்ட சொல்லு... வெறுங்குடைய மட்டும் குடுக்க வரல, தாம்பூலத் தட்டோடதான் வாரேன்னும் சொல்லு.