ராசாத்தி அம்மாளின் தொட்டியும் கொசுவின் குடலும்

என் பேச்சின் ஒழுங்கு இது:
1. கொசுவின் குடலுக்குள்ளும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன.
2. அவற்றில் சில, கொசு சுமக்கும் நோயைத் தடுக்கின்றன.
3. ஆகவே, நம் தெருக் கொசுவுக்கு நாம் நடுங்க வேண்டாம்.

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் தங்கராசு அவர்களே, சிக்குன்குனியா முடக்கிய முழங்காலோடும் முன்வரிசைக்கு வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளைக் காத்துநிற்கும் ரெட்டிபாளையத்துத் தாய்மார்களே, வணக்கம். நான் விலங்கியல் படித்தவன், மேடை பழகாதவன். பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள்.

கொசு தனியாகவா பறக்கிறது? இல்லை! அதன் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று குடியிருக்கிறது. உள்ளே நுழையும் கிருமியோடு அது உணவுக்குப் போராடுகிறது, இடத்துக்குப் போராடுகிறது. ஆய்வுக்கூடத்துக் கொசுவில் மலேரியாக் கிருமியையே அது முடக்கியதாகப் படித்திருக்கிறேன். படைக்குள் ஒரு படை! பகைக்குள் நமக்கு ஒரு துணை!

என்ன, மணிவேல் தம்பி? "அப்ப கொசுவுக்கும் ரேசன் கார்டு குடுத்துடலாமுங்க" என்கிறீர்களா? சிரியுங்கள். இந்தத் தெரு சிரித்து எத்தனை நாளாயிற்று! உங்கள் அச்சத்தைப் போக்கவே வந்தேன்.

எழுந்து நிற்பது யார், ராசாத்தி அம்மாளா? சொல்லுங்கள்.

"நாளைக்கி எம்மவ சுகன்யா பிரசவத்துக்கு வர்றா சார். சிமெண்டுத் தொட்டிய ரொப்பி வச்சிருக்கேன். கொசுப்புழு நெளியுது. நல்ல கொசுதானுங்களே, கொட்ட வேணாமுல்ல?"

கைதட்டாதீர்கள். தயவுசெய்து, யாரும் கைதட்டாதீர்கள்.

அம்மா, நான் படித்தது வேறு கொசு, வேறு நோய். உங்கள் தொட்டியில் நெளிவது பகலில் கடிக்கும் கொசுவின் புழு. அதன் குடலில் என்ன இருக்கிறதென்று நான் பார்த்தேனா? பார்க்கவில்லை. இந்தக் கொசுதானே நம் தெருவையே படுக்கவைத்தது? பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல் கண்டால் பிள்ளைக்கும் தொற்றலாமே! கொட்டுங்கள். இன்றே கொட்டுங்கள். தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்!

"பிள்ளத்தாச்சி வர்ற வூட்டுல தொட்டி காலியா கெடக்கலாமா சார்? கொழாத் தண்ணி எப்ப வருமோ!"

அந்த வழக்கம் எனக்கும் தெரியும், அம்மா. ஆனால் கொட்டிய தொட்டியை இன்றே நிரப்ப வேண்டுமே! அதற்கு வழி யாரிடம் இருக்கிறது?

இதோ, எழ முடியாத பாப்பாயி அம்மாள் உட்கார்ந்தபடியே சொல்கிறார், கேளுங்கள்: "கொட்டுடி! என்னால தூக்க முடியாது, எம்மவன் ஒரு கொடம் கொண்டாருவான். வூட்டுக்கு ஒரு கொடம் ஊத்துனா ரொம்பாதா?"

நிரம்பும், தாயே, நிரம்பும்! நிரப்பியதும் வேட்டியால் இறுக்கி மூடுங்கள்.

இதுவரை பொறுத்த உங்களுக்கு நன்றி. எழுந்து கேட்ட ராசாத்தி அம்மாளுக்குத் தனி நன்றி. அவர் கேட்காமல் இருந்திருந்தால்? சுகன்யா வரும் வீட்டில் அந்தப் புழுத் தொட்டி அப்படியே இருந்திருக்கும். குடம் எடுக்கப் புறப்படும் அனைவருக்கும் என் வணக்கம். முதலிரண்டு கருத்துகள் நிற்கட்டும். என் மூன்றாவது கருத்து தவறு.