எல்க் வேட்டைக்கு ஏற்ற துப்பாக்கி

அசோகன்: தயிர்சாதத்தைக் கட்டிக்கிட்டு எல்க் வேட்டைக்கா? டேய் பார்த்தா, சத்தமாச் சொல்லாதே. கடைக்காரர் சிரிச்சுடப் போறார்.

பார்த்தா: அவருக்குத் தமிழ் தெரியாது. நீ சிரிக்காம இருந்தாப் போதும். இந்த ஹனோவர் ஊர்லயே பெரிய துப்பாக்கிக் கடைக்கு அழைச்சுண்டு வந்திருக்கேன், என் மூஞ்சியைப் பார்க்காம துப்பாக்கியைப் பாருடா.

அசோகன்: எல்க்னா என்னன்னு முதல்ல தெரியுமா உனக்கு?

பார்த்தா: மான். குதிரையை விட உசரம். ஸ்வீடன்ல, ரோடே இல்லாத காட்டுல இருக்கும். ஒரு வாரம் கூடாரத்துல தங்கணும்.

அசோகன்: நம்ம லேப் புரொபசரே... வாயைத் திறந்து கூப்பிட்டாரா?

பார்த்தா: செப்டம்பர்ல போறார். வருஷத்துக்கு ஒரு விருந்தாளிதான், தெரியுமோல்லியோ.

அசோகன்: தெரியும் தெரியும். லேப்ல இத்தனை பேர் இருக்கோம்...

பார்த்தா: இருக்கோம்.

அசோகன்: அதுல காட்டுல பொறந்து வளந்தவன் ஒருத்தன்தான்.

பார்த்தா: வால்பாறைக் கதை ஆரம்பிச்சாச்சா!

அசோகன்: கதை இல்லடா. அப்பா எஸ்டேட் மேனேஜர். தொழிலாளிங்க லைன் வீட்டுத் தோட்டத்துல காட்டுப் பன்னி புகுந்துச்சுன்னா எங்களைத்தான் கூப்பிடுவாங்க. ஒரு தடவை புதருக்குள்ளேர்ந்து நேரா என் மேல பாஞ்சு வந்துச்சு. கையில குட்டைத் துப்பாக்கி. சட்டுனு தோள்ல வெச்சேன், முடிஞ்சுது. நீளமா இருந்திருந்தா கொடியில சிக்கியிருக்கும். நானும் போயிருப்பேன்.

பார்த்தா: அப்ப நேக்கும் குட்டையா ஒண்ணு பாரேன். அதோ, ரெண்டாவதா மாட்டியிருக்கே, நல்லா இல்லையா?

அசோகன்: அது... அது பன்னிக்கு. எல்க்குக்கு வேற. இதை எடு. நீளமா, மேல பெரிய தொலைநோக்கி வெச்சு... இதான்.

பார்த்தா: அப்பா! தூக்கவே முடியலையே. அம்மிக்கல்லு மாதிரி இருக்கு.

அசோகன்: கனமா இருந்தாத்தான் சுடும்போது தோள்ல உதைக்காது.

பார்த்தா: நாள் பூரா சதுப்புல நடக்கணும்கிறார் புரொபசர்.

அசோகன்: நடந்தா உடம்புக்கு நல்லது.

பார்த்தா: இந்தக் கண்ணாடில எதிர்க் கட்டடத்து ஜன்னல் மூக்குக்கு முன்னாடி வந்து நிக்கறது. ஆனா கிட்ட இருக்கறது ஒண்ணும்... நீ நிக்கற இடத்துல உன் சட்டைப் பித்தான் மட்டும்தான்...

அசோகன்: டேய்! என் பக்கம் திருப்பாதடா!

பார்த்தா: காலிதானே! எல்க் கிட்ட வந்துட்டா வெறும் ரோமம்தானே தெரியும்? எங்க சுடறது?

அசோகன்: கிட்ட வராது. அங்க எல்லாம் திறந்த வெளி.

பார்த்தா: அடர்ந்த ஊசியிலைக் காடுன்னாரே?

அசோகன்: கேக்க வந்தியா, எனக்குச் சொல்லிக் குடுக்க வந்தியா?

பார்த்தா: கோச்சுக்காதே. நீயே ஒரு தடவை தோள்ல வெச்சுப் பாரு. நீளம் சரியா இருக்கான்னு.

அசோகன்: என் தோள்ல எதுக்கு?

பார்த்தா: பாரேன். சரியா இருக்கா?

அசோகன்: ம்... இருக்கு.

பார்த்தா: அப்ப இதையே சொல்லிடட்டுமா? நன்னா யோசிச்சுச் சொல்லு, அசோகா. முதல் குண்டு விருந்தாளிக்குத்தான். மிருகம் விழுந்துடுத்துன்னா ஒரு கிளையை ஒடிச்சு, அது ரத்தத்துல தொட்டு, புரொபசரே கையால குடுப்பாராம். தொப்பில செருகிக்கணும்.

அசோகன்: அந்தக் கிளையைச் செருகிக்கிட்டவனெல்லாம் இப்ப எங்க இருக்கான்னு தெரியும். ஒருத்தன் மியூனிக்ல டிபார்ட்மெண்ட் ஹெட். இன்னொருத்தன் அவர் பக்கத்து ரூம்லயே.

பார்த்தா: குறி தப்பினா?

அசோகன்: தப்பினா ஜெர்மன்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டான். கை குலுக்குவான். அடுத்த வருஷம் வேற ஒருத்தனைக் கூப்பிடுவான்.

பார்த்தா: அவ்வளவுதானா?

அசோகன்: அவ்வளவுதான். ...வாங்கிடு.

பார்த்தா: இரு, சொல்லிட்டு வரேன்.

அசோகன்: ம், போயிட்டு வா.

பார்த்தா: ஆச்சு. ஏன் இப்படி வேர்க்கறது உனக்கு? வெளில பனி கொட்டறது.

அசோகன்: உள்ள என்னடா சத்தம்?

பார்த்தா: துப்பாக்கிக் கட்டைல ஒரு பித்தளைத் தகடு இருக்கோன்னோ, அதுல பேர் பொறிக்கறார். பொறிச்சாச்சுன்னா திரும்ப எடுத்துக்க மாட்டாராம்.

அசோகன்: பார்த்தா... போய் நிறுத்தச் சொல்லு.

பார்த்தா: ஏன்?

அசோகன்: நிறுத்தச் சொல்லேன்! அந்தக் குட்டைதான் சரி. அந்தக் காட்டுல இதைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சா ரெண்டாம் நாள் கையே எழும்பாது. எல்க் பத்தடியில வந்து நிக்கும், கண்ணாடில ரோமம்தான் தெரியும். காயப்படுத்தி விட்டுட்டுத்தான் வருவே.

பார்த்தா: அப்புறம் எதுக்கு இதைச் சொன்னே?

அசோகன்: வயித்தெரிச்சல்டா. போதுமா? கத்தரிக்காய் நறுக்கறதுக்கே கை நடுங்கற உன்னைக் கூப்பிட்டிருக்கார், என்னைக் கூப்பிடலை. நேத்து ராத்திரி பூரா தூக்கம் இல்லை. நீ வெறுங்கையோட திரும்பி வரணும்னு நெனச்சேன்... போ, நிறுத்து. உன் பேருதானே, வேற தகடு போட்டுக்கலாம்.

பார்த்தா: இது ஒத்து வராதுன்னு நேக்கு எடுத்த உடனேயே தெரியும்.

அசோகன்: தெரியுமா?

பார்த்தா: வேட்டை லைசென்ஸுக்குப் படிச்சுப் பாஸ் பண்ணினவன்டா நான். புரொபசரோட ரெண்டு குளிர்காலம் வேட்டைக்குக் கட்டின மரப் பரண்ல வெறச்சுண்டு உக்காந்தவன். ஒரு நாளாவது உன்கிட்ட சொன்னேனா?

அசோகன்: அடப்பாவி! தெரிஞ்சே எதுக்குடா இதை வாங்கினே?

பார்த்தா: ஸ்வீடனுக்குப் போறது நான் இல்லையே. வெள்ளிக்கிழமை உன் டாக்டர் பட்டப் பார்ட்டில புரொபசர் இந்தத் துப்பாக்கியை உன் கையில குடுத்துக் கூப்பிடப் போறார். "அவனுக்குத் தெரியாம அழைச்சுண்டு போ, அவன் எதைச் சொல்றானோ அதையே வாங்கு"ன்னார், வாங்கிட்டேன். பரண்ல வெறச்சவன் நான், விருந்தாளி நீ... இதைக் கேட்டப்போ நேக்கு மட்டும் வயிறு குளிர்ந்துதா? தகட்டுல உன் பேர் ஏறிண்டிருக்கு, அசோகா. தூக்கிண்டு நட, உடம்புக்கு நல்லது.