ஆறு நிறத்தில் ஒரு காது

கணவர்: …அந்த நீச்சல் வாத்தியாரோட காதுல மட்டும் ஆறு கலர். எண்ணிட்டேன்.

ஓவியர்: துணிய விலக்கிப் பார்த்தீங்களா? காதுப்பக்கம் இன்னும் காயலைன்னு சொன்னேன்ல?

கணவர்: கட்டின பொண்டாட்டி வரைஞ்சத நான் பார்க்கக்கூடாதா?

ஓவியர்: தாராளமா பாருங்க. நாலு மணிக்கு நீச்சல் சங்கத்துக்காரங்க வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. நம்பி எனக்குக் கொடுத்த முதல் வேலை… மூணு மாச உழைப்பு.

கணவர்: மூணு மாசம்! என்னை ரெண்டே நாள்ல வரைஞ்சு முடிச்சே.

ஓவியர்: ஆரம்பிச்சாச்சா…

கணவர்: என் மூஞ்சி வழவழன்னு, சோப்புக்கட்டி மாதிரி! பிரஷ் பட்ட தடமே இல்ல. அவருக்கு மட்டும் ஒவ்வொரு இழுப்பும் தெரியுது. தாடைக்குக் கீழ பச்சை, கழுத்துல நீலம்…

ஓவியர்: தோல்னா அப்படித்தாங்க. எங்கேயாவது ஒரே நிறமா இருக்குமா? வெளிச்சம் ஊடுருவினா காதுமடல் சிவக்கும். நிழல்ல பச்சை ஓடும்…

கணவர்: அவ்வளவு கிட்ட உக்காந்து பார்த்திருக்கே!

ஓவியர்: அடேயப்பா! பொறாமையா?

கணவர்: எனக்கா? அந்தத் தண்ணிப்பாம்பப் பார்த்தா?

ஓவியர்: பாவம்ங்க அவரு…

கணவர்: பரிஞ்சு வேற பேசு! எத்தனை தடவை வந்தார்? நான் ஆபீஸ் போனப்புறம்தானே?

ஓவியர்: …ரெண்டு தடவை.

கணவர்: ரெண்டா? மூணு மாசத்துல?

ஓவியர்: கண்ணு, மூக்கு, வாய் முடிஞ்சுது. அப்புறம் வெளியூருக்கு மாத்திட்டாங்க. வரவே இல்ல.

கணவர்: அப்ப மீதி?

ஓவியர்: சொன்னா கோச்சுக்கக்கூடாது… உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நிறம். லீவு நாள்ல ஜன்னலோரம் பேப்பர் படிப்பீங்கல்ல… கதவிடுக்குல பார்த்துப் பார்த்துத்தான் கன்னம், கழுத்து, காது எல்லாம் போட்டேன்.

கணவர்: என்னையா? என்கிட்ட ஏன் சொல்லல?

ஓவியர்: சொன்னா, அடையாள அட்டைக்கு போட்டோ பிடிக்கிற மாதிரி மூச்சடக்கி விறைச்சுக்குவீங்க. உங்க படம் சோப்புக்கட்டியானது வேற எதனால?

கணவர்: அப்ப அந்தக் காது…

ஓவியர்: உங்களுதுதான். சரி, நகருங்க. துணிய எடுக்கறேன், உங்க காத நீங்களே பாருங்க…

கணவர்: எடுக்காத… காலைல நீ குளிக்கப் போனப்ப, உன் பெயின்ட் கத்தியால அதச் சுரண்டிட்டேன்… என் காதுன்னு தெரியாம.