எங்கள் பள்ளிக்கு ‘ஐயோ’ அளித்த மெத்தை மாமாவுக்கு

உதை வாங்குவதையே உத்தியோகமாய் ஏற்ற உத்தமரே! பிஞ்சுக் கால்களுக்குப் பஞ்சு மெத்தை பிடித்த பண்பாளரே! முட்டி பெயர்ந்தபோதும் முகம் கோணாத முழுமதியே! எங்கள் குடும்பக் கராத்தேப் பள்ளியின் பூட்டைத் திறந்து, விளக்கை ஏற்றி, விழுந்தவர்களைத் தூக்கி, தானும் விழுந்து காட்டிய தன்னிகரில்லாத் தகைமையாளரே! வணக்கம்!

இன்று தங்கள் பணி நிறைவு நாள். இனி மாலை வேளைகளில் தங்களை யாரும் உதைக்க மாட்டார்கள் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

தாங்கள் இங்கு வந்தது உதை வாங்க அன்று. தரை விரிப்பைத் துடைக்கவும், வாசலில் திசைக்கொன்றாய்க் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்க்கவும்தான். அன்றொரு மாலை, பிள்ளைகள் உதைத்துப் பழகச் சுவரில் தொங்கிய மெத்தையின் பட்டை அறுந்தது. பெரிய டீச்சர் திரும்பினார். துடைப்பமும் கையுமாகத் தாங்கள் நின்றீர்கள். “அண்ணே, ஒரு நிமிஷம் இதைக் கொஞ்சம் பிடிங்களேன்” என்றார். பிடித்தீர்கள். இருபத்தாறு ஆண்டுகளாக நீண்ட அந்த ஒரு நிமிடம் இன்றுதான் முடிகிறது!

முதல் உதை, வரிசையின் முன்னால் நின்ற ஆறு வயதுச் சிறுமியுடையது. அவள் பார்த்த குறி மெத்தை. கால் போய்ச் சேர்ந்த இடம் தங்கள் முழங்கால். “ஐயோ!” என்று அலறினீர்கள். உதைக்கும்போது உரக்கக் குரல் கொடுங்கள் என்று பெரிய டீச்சர் தொண்டை கிழியச் சொல்லியும் அதுவரை வாய் திறவாத பிள்ளைகள், இதுதான் அந்தக் குரல் போலும் என்று எண்ணி, ஒவ்வொருவராய் வந்து உதைத்து “ஐயோ!” என்று முழங்கினார்கள். கூரை அதிர்ந்தது. ஏதோ ஒன்று கத்துகிறார்களே, அதுவே போதும் என்று டீச்சரும் விட்டுவிட்டார். ஊரார் பிள்ளைகள் வீர முழக்கமிட, எம் பிள்ளைகள் மட்டும் வேதனை முழக்கமிட்டு வளர்ந்த வரலாறு இதுவே. உள்ளே கணக்கு டியூஷன் நடக்கிறதென்று எண்ணி, தெருவில் போனவர்கள் இரக்கப்பட்டுச் சென்றதும் உண்டு.

ஆளறிந்து உதை வாங்கும் அருங்கலை தங்கள் மெத்தைக்கு மட்டுமே வாய்த்தது! பால் பல் விழாத பாலகன் காலால் தடவினாலும், “அம்மாடி, என்னத்தடா தின்னே இன்னிக்கு!” என்று சுவர்வரை பறந்து போய் விழுவீர்கள். சனிக்கிழமைக் குடும்ப வகுப்புக்கு அப்பாக்கள் வரும்போது மட்டும் அப்படிப் பறக்க நடிப்பு தேவைப்பட்டதில்லை. “சார், இது மெத்தை சார். உங்க மேனேஜர் இல்ல” என்று தாங்கள் ஈனக் குரலில் நினைவூட்டியதை எந்தத் தந்தை மறப்பார்! பரீட்சையில் தோற்று, யாரோடும் பேசாமல் வந்து நின்ற பதினைந்து வயதுப் பெண்ணிடம் என்ன ஏது என்று கேட்காமல், “உம், இன்னொண்ணு குடு. உள்ள இன்னும் இருக்கில்ல? குடும்மா” என்று, அவள் அழுது ஓயும்வரை மெத்தையை இறக்காமல் நின்றீர்கள். நாங்கள் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி, நம் பள்ளி முதன்முதலாய்க் கலந்துகொண்ட சென்ற மாதப் போட்டி. எம் வீரன் உதைத்து “ஐயோ!” என்றதும் ஆட்டம் நின்றது, முதலுதவிப் பெட்டியுடன் இருவர் ஓடிவந்தனர். அடிபட்டவன் சும்மா நிற்க, அடித்தவனைப் படுக்கவைத்து ஐஸ் ஒற்றினர். அடுத்தவள் உதைத்தாள், மறுபடியும் பெட்டி ஓடியது. “ஏங்க, உதைக்கிறவங்க எதுக்குங்க ஐயோன்னு கத்துறாங்க?” என்று கேட்டார் நடுவர். ஆட்டத்தைக் குலைத்ததாகப் புள்ளிகள் போயின, பின்னாலேயே கோப்பையும் போயிற்று. மறுநாள் முதல் பிள்ளைகளை “ஹா!” என்று கத்தச் சொன்னோம். “ஹா” வந்தால் கால் வரவில்லை, கால் வந்தால் “ஹா… யோ!” என்று வந்தது.

அந்த வாரமே, “முழங்கால் வலி, இனிமே முடியாது” என்றீர்கள். எங்கள் உதைகளை வாங்கிய முழங்கால் அல்லவா, நம்பினோம். தாங்கள் விட்டுப்போன குடையை எடுக்க வந்த அத்தைதான் உண்மையைப் போட்டு உடைத்தார். “கால் வலியாவது மண்ணாவது! தன்னாலதான் பிள்ளைங்களுக்குக் கப்பு போச்சுன்னு மனுஷன் மருகிக்கிட்டுக் கிடக்கிறாரு. நீங்களும் உங்க ஐயோவும்!”

மாமா, அந்தக் கோப்பை வந்திருந்தாலும் வைக்க இடமில்லை. அலமாரி முழுக்கப் பிள்ளைகள் மறந்துபோன தண்ணீர் பாட்டில்கள். அதைவிட, இங்கு பயிலும் இரட்டையரின் தாயார் வந்து சொன்னதைக் கேளுங்கள்: “டீச்சர், இந்த ‘ஹா’வெல்லாம் வேணாம், பழசையே கத்த விடுங்க. வீட்ல ரெண்டும் அடிச்சுக்கும்போது, கையை ஓங்குனவனே ‘ஐயோ’ங்கிறான். சொன்னதும் அவனுக்கே பாவமாப் போயிடுது. அப்புறம் எங்கேருந்து அடிக்கிறது?”

உதைக்கக் கற்றுத்தர எங்களில் பலர் உண்டு. உதைபடுபவரின் குரலை உதைப்பவரின் வாயிலேயே வைத்தவர் தாங்கள் ஒருவரே, அதுவும் தங்களுக்கே தெரியாமல்! ஆகவே, இப்பள்ளியில் என்றென்றும் ‘ஐயோ’தான். இனிப் போட்டிக்கு முன்பே முதலுதவிக்காரர்களிடம் சொல்லிவைப்பதாகப் பெரிய டீச்சர் உறுதியளித்திருக்கிறார்.

இத்தனை ஆண்டுகளில் ஓர் உதைகூடத் திருப்பித் தராத தங்களுக்கு, கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலுடன் ஒரு வெள்ளை பெல்ட்டையும் அளிக்கிறோம். வரும் சனிக்கிழமை முதல் குடும்ப வகுப்பில் தாங்களும் அத்தையும் புது மாணவர்கள். “அவரை உதைக்கலாம்னா நான் வரேன்” என்று அத்தை சீருடைக்கு அளவே கொடுத்துவிட்டார். நீண்ட ஆயுளும், நிறைந்த நலமும், மடக்கினால் முனகாத முழங்காலும் பெற்றுப் பல்லாண்டு வாழ்வீராக!

வாழ்த்து முடிந்தது, வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. இதோ, தங்கள் எதிரே மெத்தையைப் பிடித்து நிற்பவர் எங்கள் சின்ன டீச்சர். அன்று தங்கள் முழங்காலில் முதல் உதை விட்ட அதே சிறுமி. “மாமா, ஒரு நிமிஷந்தான். வந்து உதைங்க” என்கிறார். குறி தவறினாலும் குற்றமில்லை. முழங்காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டியேதான் நிற்கிறார். என்ன கத்த வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

பிள்ளைகளைக் கொண்டு தங்களை உதைக்கவைத்தே ஊதியம் வாங்கிய
ஆசிரியர்களும் அலுவலரும்,
இன்று வாசலில் ஜோடி மாறிக் கிடக்கும் எங்கள் செருப்புகளும்.