வந்த பகுதியை வந்தபடி வாசித்த போதகருக்கு

நாவற்குடா வாவியோரச் சபையில் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெறும் அருட்திரு சாமுவேல் உதயரூபன் ஐயா அவர்களுக்கு, சபைப் பணியாளர்கள் வாசித்து வழங்கும் மடல்.

வாவிக்கரைச் சபையின் வாஞ்சைமிகு வழிகாட்டியே! வாரந்தோறும் வேதம் திறந்து வாழ்வுக்கு வகை சொன்ன வல்லவரே! கடின வசனத்தையும் கடலை கொறிக்கும் எளிமையோடு காதில் சேர்த்த கனிவாளரே! கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்ணால் மட்டும் கண்டித்து, கைகொடுக்க வேண்டிய இடத்தில் இரு கையும் கொடுத்த கருணையாளரே! வம்ச வரலாற்று அதிகாரங்களில் ஒரு பெயரைக்கூட விடாமல் வாசிக்கச் செய்து, முன்வரிசையில் இருந்த மூப்பர்களையே கண்ணயர வைத்த கண்ணியவானே! வணக்கம்.

கடைசி அடைமொழிக்கு ஐயா கோபிக்க மாட்டீர்கள் என்ற துணிவில்தான் எழுதினோம். கோபித்தாலும் இனி எங்களை இடமாற்ற முடியாது.

பிரியாவிடை மடல் என்றால் கண்ணீரில் தொடங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். எங்களுக்கோ இன்று அழுகையைவிட ஆறுதலே அதிகம். ஏழு ஆண்டுகளாக உங்கள்மேல் ஒரு பழி இருந்தது. அந்தப் பழியோடு நீங்கள் இந்த வாசலைத் தாண்டிப் போய்விடுவீர்களோ என்று எங்களில் ஒருவருக்கு மூன்று மாதமாக உறக்கமில்லை. அப்படி நடக்கப் போவதில்லை என்பதை நினைக்கும்போது நெஞ்சில் வைத்திருந்த கல்லை இறக்கி வைத்த நிம்மதி வருகிறது. அது என்ன பழி என்று சொல்லுமுன், நீங்கள் இங்கு நாட்டிய ஓர் ஒழுங்கைச் சொல்ல வேண்டும்.

யூத மக்கள் தங்கள் செப ஆலயங்களில் தோரா எனப்படும் மோசேயின் ஐந்து ஆகமங்களையும் ஐம்பத்துநான்கு பகுதிகளாக வகுத்து, வாரத்துக்கு ஒன்றாக ஓராண்டுக்குள் வாசித்து முடிப்பார்கள். அந்தந்த வாரப் பகுதியிலிருந்தே தங்கள் கூட்டு வாழ்வுக்குப் பாடம் எடுப்பார்கள். இறையியற் கல்லூரியில் இதைக் கற்று வந்த நீங்கள், வந்த ஆண்டிலேயே எங்கள் ஞாயிறு ஆராதனைக்கும் அதை வழக்கமாக்கினீர்கள். ஐப்பசியில் அட்டவணை கதவில் ஒட்டப்படும். ஒரு பக்கம் அந்த ஞாயிறுக்குரிய பகுதி, மறுபக்கம் அதை வாசிக்க வேண்டியவரின் பெயர். பிடித்த பகுதியைத் தெரிந்தெடுத்துப் பிரசங்கித்தால் என்ன என்று கேட்டவர்களுக்கு நீங்கள் சொன்ன மறுமொழி எங்களுக்கு மனப்பாடம்:

“நான் தெரிஞ்செடுத்தா எனக்கு விருப்பமானதத்தான் எடுப்பன். ஆரோடயும் கோபமெண்டா அவருக்கு அடிக்கவும் ஒரு வசனம் கிடைக்கும். அது வேணாம். வாறத வாசிப்பம்.”

அந்த ஒரு சொல்லில் நின்றீர்கள் ஐயா! வாறதை வாசித்தீர்கள், வாசித்ததை வாழ்ந்தும் காட்டினீர்கள்.

தோல்நோய்க்காரனைப் பற்றிய லேவியராகமப் பகுதி வந்தால் எங்களுக்குக் கொட்டாவி வரும். நீங்களோ அதில், ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே புறப்பட்டுப் போய் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்ற ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். ஊரடங்குக் காலத்தில், தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் படலைக் கதவுகளுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு, முகக்கவசத்துக்குள்ளிருந்து நீங்கள் கத்திக் கத்தி நலம் விசாரித்ததை நாவற்குடா முழுவதும் கேட்டது. தொழுகைக்கென எழுப்பிய ஆசரிப்புக் கூடாரத்துக்கு மக்கள் அளவுக்கு மீறிக் காணிக்கை கொண்டுவர, மோசே போதும் என்று சொல்லி நிறுத்திய பகுதியை ஒரு மாசியில் வாசித்தோம். அடுத்த மார்கழி வெள்ளத்தில் எங்கள் முகாமில் சோற்றுப் பார்சல்கள் மலையாகக் குவிந்தபோது, “எங்களுக்குக் காணும்” என்று சொல்லி, மிச்சத்தையெல்லாம் ஓட்டமாவடிப் பள்ளிவாசல் முகாமுக்கு ஏற்றிவிட்டீர்கள். தரப் பலருக்குத் தெரியும். போதும் என்று சொல்லத் தெரிந்த தலைவரை நாங்கள் உங்களில்தான் கண்டோம்.

செலோப்பியாத்தின் புத்திரிகள் ஐவரும் தகப்பனின் காணியில் பங்கு கேட்டு மோசேக்கு முன் நின்ற பகுதியை மறக்க முடியுமா! நீங்கள் மிக உருக்கமாகப் பெண்களின் உரிமையைப் பேசிக்கொண்டிருக்க, பாலர் பாடசாலை அன்னப்பூரணி அக்கா இருந்த இடத்திலிருந்தே, “எங்கட ஊரில வீடு வளவெல்லாம் பொம்புளப் புள்ளைக்குத்தானே போதகர், இதுக்கு ஏன் அவங்க இவ்வளவு தூரம் நடந்தவங்க?” என்று கேட்டுவிட்டார். சபை சிரித்து முடிய ஐந்து நிமிடம் ஆனது. நீங்களும் சிரித்தீர்கள். பிறகு நிதானமாக, “அப்ப வீட்டக் குடுத்த நாங்க சபைக் குழுவில ஏன் ஒரு கதிரையக் குடுக்கல்ல?” என்று கேட்டீர்கள். அடுத்த தெரிவில் நான்கு பெண்கள் குழுவுக்கு வந்தார்கள்.

இனி அந்தப் பழிக்கு வருவோம்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் இச்சபை இரண்டாகப் பிளக்கும் நிலைக்கு வந்ததை இங்கிருக்கும் எல்லோரும் அறிவீர்கள். மாரி வந்தால் வாவித் தண்ணீர் ஆலயத்துக்குள் ஏறுகிறது, ஆராதனையைப் பிரதான வீதியில் கட்டிய புதிய மண்டபத்துக்கு மாற்ற வேண்டும் என்றார் போதகர். பாட்டன் பூட்டன் முழங்காற்படியிட்ட இடத்தை விட்டு அசையமாட்டோம் என்றார் சபையின் மூத்த மூப்பர் கோணாமலை ஐயா. அவரோடு முப்பத்திரண்டு குடும்பங்கள் நின்றன. பேச வரும்படி போதகர் மூன்று கடிதம் அனுப்பினார், கோணாமலை ஐயா வரவில்லை. பொதுக்கூட்டம் ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில், ஆராதனை முடிந்த கையோடு என்று முடிவாயிற்று. கூட்டம் சரிவராவிட்டால் பிரிந்து போய்த் தனியே ஆராதிப்பதற்கு, அவர் பக்கத்தார் அவர் வீட்டு வளவில் பந்தலும் போட்டுவிட்டார்கள்.

அந்த ஞாயிறு வாசிக்க வேண்டியவர், அட்டவணைப்படி, கோணாமலை ஐயாவேதான். அன்றைய பகுதியோ, மோசேக்கு எதிராக இருநூற்றைம்பது பேரைத் திரட்டிக்கொண்டு கோராகு எழும்ப, பூமி வாய் திறந்து கலகக்காரரை விழுங்கிய கதை.

முதல் சில வசனங்களை ஐயா கணீரென்று வாசித்தார். பிறகு குரல் மெலிந்தது. கலகக்காரர் கூடாரவாசலில் வந்து கூடிய இடத்தில் நின்றுவிட்டார். வேதத்தை மூடினார். மேடையைப் பார்த்து, “என்ட வாயாலயே எனக்குத் தீர்ப்பு வாசிக்க வெச்சிட்டீங்க போதகர்!” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். முப்பத்திரண்டு குடும்பங்களும் பின்னால் எழும்பின. பத்தொன்பது ஆண்டுகளில் பாதியில் நின்ற வாசிப்பு அது ஒன்றுதான்.

போதகர் ஐயா, அன்று கூட்டம் நடக்கவில்லை. நீங்கள் அலுவலக அறையில் இருந்து அதே அதிகாரத்தைத் திரும்ப வாசித்தீர்கள். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னீர்கள்: “மோசேயும் முதல்ல ஆளத்தான் அனுப்பினார். அவங்க வரமாட்டம் எண்டாங்க. பிறகு தானே எழும்பிப் போனார். நான் மூண்டு கடிதம் அனுப்பினன், ஒருக்காலும் போகல்ல.” சொல்லிவிட்டு, அந்த உச்சி வெயிலில் குடைகூட இல்லாமல் கோணாமலை ஐயாவின் வீட்டுக்கு நடந்தீர்கள். மோசே போனபோது பூமி திறந்தது. நீங்கள் போனபோது, கடவுள் புண்ணியம், படலை திறந்தது.

படலையில் நின்று நீங்கள் சொன்னதை அவர் வீட்டார் கேட்டிருக்கிறார்கள். “பகுதிய நான் தெரிவு செய்யல்ல அண்ணன். ஆனா வாசிக்கிறவர்ட பேர ஒருக்காப் பாத்திருக்கணும். பாக்கல்ல. அது என்ட பிழை.” அன்று தேத்தண்ணி மூன்று முறை ஊற்றப்பட்டதாம். மாரி மாதங்களில் மண்டபம், மற்ற மாதங்களில் வாவிக்கரை என்று பொழுது சாயுமுன் முடிவாயிற்று. பந்தல் கழற்றப்பட்டது. சபை பிழைத்தது.

ஆனால் ஒன்று கழற்றப்படவில்லை. “போதகர் வேணுமெண்டுதான் அந்தப் பகுதிய வெச்சவர், பிறகு மனம் மாறினவர்” என்ற பேச்சு ஏழு ஆண்டாக மூலைக்கு மூலை இருந்தது. வாறதை வாசிப்பேன் என்று வாழ்ந்த மனிதரைப் பற்றி இதைவிட நோகும் பேச்சு வேறில்லை. நீங்கள் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

பாராட்டு மடலில் ‘நான்’ என்று எழுதும் வழக்கமில்லை. சபையோர் பொறுக்க வேண்டும். இதை எழுதி வாசிக்கும் நான், சபை அலுவலகச் செயலாளர் மேனுகா. அந்தப் பிழை என்னுடையது.

ஆண்டில் வாரங்கள் போதாவிட்டால் சில பகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே ஞாயிறில் வாசிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. அந்த ஆண்டு லேவியராகமத்தின் கடைசி இரண்டு பகுதிகளும் அப்படிச் சேர வேண்டியவை. வாசிப்பவர் அன்னப்பூரணி அக்கா. அவருக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு நீளத்தை எப்படி வாசிப்பார் என்று இரக்கப்பட்டு, யாரையும் கேளாமல், இரண்டையும் இரண்டு ஞாயிறுகளுக்குப் பிரித்துத் தட்டச்சுச் செய்தேன். அதன் பின் வந்த எல்லாப் பகுதிகளும் ஒரு வாரம் பின்தள்ளிப் போயின. பெயர்கள் மட்டும் அந்தந்தத் திகதியிலேயே நின்றன. ஒழுங்காகப் பார்த்தால் கோராகின் கதை முந்திய ஞாயிறே முடிந்திருக்க வேண்டும். கோணாமலை ஐயாவுக்கு வந்திருக்க வேண்டியது, மோசே கோபத்தில் கன்மலையை அடித்துத் தாமே பிழைவிட்ட பகுதி. அதை ஐயா வாசித்திருந்தால் அன்று வியர்த்திருப்பது போதகருக்குத்தான்.

திங்கட்கிழமை காலையில் இதைக் கண்டுபிடித்து, அழுதுகொண்டு உங்களிடம் வந்தேன். “இப்ப நீ சொன்னா ரெண்டு பக்கமும் சேந்து உன்னில பாயும் புள்ள. நீ வேலைக்கு வந்து எட்டு மாசம். என்னில இருக்கிறது இருக்கட்டும், எனக்குத் தாங்கும்,” என்றீர்கள். எனக்கு வேலை தேவையாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு ஆண்டும் சொல்லுவது கடினமாகிப் போனது.

உங்கள் ஓய்வுத் திகதி அறிவிக்கப்பட்ட பின் என்னால் முடியவில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை கோணாமலை ஐயாவிடம் போனேன். முற்றத்தில் நெல் காயவிட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிளறுவதை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும் புள்ள,” என்றார். “அடுத்த கிழமையே பழைய அட்டவணையளோட வெச்சுப் பாத்தன். பிழை விளங்கிற்று.”

எனக்காகவா ஐயா பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

“உனக்காக ஒண்டுமில்ல. அத வெளியில சொன்னா, நான் இடையில நிப்பாட்டிப்போட்டு எழும்பிப் போனது வெக்கக்கேடாப் போகும். என்னக் காப்பாத்திறத்துக்குத்தான் பேசாம இருந்தன். அந்த மனிசன் ஏழு வருசமாச் சுமந்தார்.” முற்றத்தின் மறு ஓரம்வரை கிளறிக்கொண்டு போனார். பிறகு, “என்னட்டச் சொன்னது காணாது. பிரியாவிடையில எல்லாருக்கும் கேக்க வாசி. என்ட பேரையும் சேத்து வாசி,” என்றார்.

வாசித்துவிட்டேன் போதகர் ஐயா. உங்களுக்கு எதிராக நான் செய்த முதற் கீழ்ப்படியாமை இதுதான். மன்னியுங்கள்.

ஆகவே, சபையோரே, அறிந்துகொள்ளுங்கள்: எங்கள் போதகர் உதயரூபன் பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு வசனத்தைக்கூட ஒருவர்மேல் எறிந்ததில்லை. இனி மூலைகளில் அந்தப் பேச்சு வேண்டாம்.

அருமைப் போதகரே! பாசிக்குடாவில் மகள் வீட்டு முற்றத்தில் நீங்களும் போதகர் அம்மாவும் நோய்நொடியின்றி நீடு வாழ்க! அலைச்சல் குறைக! ஆயுள் பெருகுக! பேரப்பிள்ளைகளுக்கு வம்ச வரலாற்று அதிகாரங்களைத் தயவுசெய்து மெதுவாகவே தொடங்குக! ஞாயிறுதோறும் எங்களில் ஒருவர் அன்றைய பகுதியைத் தொலைபேசியில் உங்களுக்குச் சொல்வார். பாடத்தை நீங்கள் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இம்மடல் முடிந்ததும் உங்களை அனுப்பிவிட மாட்டோம். கோணாமலை ஐயா இப்போது மேடைக்கு வருகிறார். அன்று மூடிய இடத்தில் வேதத்தைத் திறந்து மிச்சத்தை வாசிக்கப் போகிறார். அதில் பூமி வாய் திறப்பதும் வரும். அதைத் தாண்டினால் காய்ந்த கோல் ஒன்று பூப்பதும் வரும். அதுவரை வாசிப்பேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் முடிக்கும்வரை தயவுசெய்து யாரும் எழும்ப வேண்டாம்.

இங்ஙனம்,
நன்றியும் நிம்மதியும் நிறைந்த
சபை அலுவலகத்தார், பாலர் பாடசாலை ஆசிரியைகள், பாடகர் குழுவினர்,
அவர்களோடு, இன்றைய வாசகர் கோணாமலை

நாவற்குடா வாவியோரச் சபை