ரெண்டு நாய்னு சொல்லி எடுத்த வீடு

அம்மான் நகரத்துல வீடு பாக்கப் போறவங்க முதல்ல படிக்கட்டை எண்ணணும் ஐயா, அப்புறம்தான் வாடகையைக் கேக்கணும். எங்க பாத்தாலும் மேடு. என் பெஞ்சாதி நஜாத்துக்கு முட்டிவலி வேற. அதனால எந்த வீட்டுக்குப் போனாலும் நான் படியை எண்ணிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன். நான் பொறுப்பில்லாத ஆளு இல்லை. அது உங்களுக்குத் தெரியணும்.

என் பேரு ஸுஹைல். குழாய், வாஷ்பேசின் விக்கிற கடையில இருபது வருஷமா நிக்கிறேன். பிள்ளைங்க இல்லை. நாலு நாய் இருக்கு. எதிர்ல கட்டடம் கட்டத் தோண்டுன குழியில தாயில்லாம கிடந்த குட்டிங்களை நஜாத்துதான் மடியில அள்ளிக்கிட்டு வந்தா, புட்டியில பால் குடுத்து வளத்தா. சிம்சிம், லோஸ், புந்துக், ஃபுஸ்துக்னு எள்ளு, பாதாம், ஹேசல்நட்டு, பிஸ்தா பேரா வெச்சா. நாலும் ஒரே ஈத்து, நாலும் மணல் நிறம். கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா எனக்கே எது எதுன்னு தெரியாது.

நாங்க இருந்த பழைய வீட்டை இடிக்கப் போறோம்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் பதினாலு வீடு பாத்தோம். நாய்னு சொன்னதும் கதவு சாத்துற சத்தம்தான் பதில். ஒரு வீட்டுக்காரம்மா, "நாய் இருக்கிற வீட்டுக்குள்ள வானவருங்க வரமாட்டாங்கம்மா, தெரியாதா?"ன்னாங்க. நஜாத் விடல. "உங்க படிக்கட்டுல ஒரு லைட்டு கூட இல்லையேம்மா, வானவருங்க எப்படித் தடவித் தடவி மேல ஏறுவாங்க?"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அந்த வீடும் போச்சு.

நான் பொறுமையாத்தான் கேட்டேன். "நஜாத், ரெண்டை யாருக்காவது குடுத்துடலாமே." அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா, நிமிந்து பாத்தா. "எந்த ரெண்டு? பேரு வேணாம், கையைக் காட்டு." நாலும் எதிர்ல உக்காந்து என் மூஞ்சியவே பாக்குதுங்க. நான் கையைக் காட்டல.

அப்பத்தான் அபூ நௌஃபலோட மாடி கிடைச்சுது. கீழ அவரு தனியா இருக்காரு, சம்சாரம் போய்ச் சேந்துட்டாங்க. பன்னெண்டே படி. வாடகை, மத்தவங்க கேட்டதுல பாதி. "நாயா? எத்தனை?"ன்னாரு. ரெண்டுன்னு என் வாயில வந்துருச்சு. "சரி, ரெண்டு. ஆனா ஒரு குரைப்பு, ஒரே ஒரு குரைப்பு என் காதுல விழுந்துச்சு, மறுநாள் உன் சாமான் தெருவுல கிடக்கும் பாத்துக்க"ன்னாரு. நியாயமான பேச்சு. அவரு வீடு, அவரு காது.

ஆட்டுச் சந்தைகிட்ட ஒரு ஆளு இருக்கான். ஆடு மாட்டுக்கு வைத்தியம் பாக்கிறவன். நாய்க்குத் தொண்டையில குரல் வர்ற இடத்தை வெட்டி விட்டுடுவான். பத்து நிமிஷ வேலை, மயக்க ஊசி போட்டுத்தான் செய்யிறான். நான் கொடுமைக்காரன் இல்லை, ஊசி போடுவியான்னு கேட்டுட்டுத்தான் விட்டேன். நாலையும் ஒரே நாள்ல முடிச்சு, அங்கயே நாலு நாள் வெச்சிருந்து கூட்டிட்டு வந்தேன். நஜாத்துகிட்ட தொண்டையில கட்டி, ஒண்ணுகிட்ட இருந்து ஒண்ணுக்குத் தொத்திக்கிச்சு, எடுத்தாத்தான் பொழைக்கும்னு சொன்னேன். அவ நம்புனா. நான் எதைச் சொன்னாலும் நம்புற பொம்பளை ஐயா அவ.

முதல் வாரம் அதுங்க குரைச்சுப் பாத்துச்சுங்க. வாயைத் திறக்கும், கழுத்து உதறும், சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி ஒரு மூச்சு மட்டும் வரும். அப்புறம் அதுங்களே விட்டுடுச்சுங்க. நஜாத் மட்டும் புந்துக்கோட தொண்டையைத் தடவிக்கிட்டு, "பேசுடி தங்கம், ஒரு வார்த்தை பேசுடி"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா.

மத்தபடி வீடு நல்லா அமைஞ்சுது. காலையில ரெண்டை வெளிய கூட்டிட்டுப் போவேன், சாயங்காலம் மத்த ரெண்டை. அபூ நௌஃபல் வாசல்ல உக்காந்து பாப்பாரு. ஒரு நாள், "ஸுஹைலு, சாயங்காலம் மட்டும் ஒண்ணு நொண்டுதே, ஏன்?"ன்னாரு. லோஸுக்குப் பின்னங்கால் கொஞ்சம் கோணல். "காலையில நடந்த அலுப்பு"ன்னேன். "ஆமாமா, எனக்கும் அப்படித்தான்"ன்னு முட்டியைத் தடவிக்கிட்டாரு. நல்ல மனுஷன்.

பதினாறு கால் ஓடுற சத்தம் கீழ கேட்டுடக் கூடாதேன்னு தரையெல்லாம் கம்பளி விரிச்சேன். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாத்துலயும் பஞ்சு திணிச்சேன். குளிருக்குன்னு நஜாத்துகிட்ட சொன்னேன்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை, ஜனவரி. மதியம் சாப்பிட்டதும் நஜாத் முட்டி குத்துதுன்னு படுத்தா. நான்தான் கேஸ் ஹீட்டரைப் படுக்கையறையில வெச்சுப் பத்த வெச்சேன். போர்வையை இழுத்து விட்டேன். நாய்ங்க கட்டில்ல ஏறிக் குதிச்சா கீழ வரைக்கும் அதிரும், அதனால அதுங்களை முன்னறையில விட்டுட்டு படுக்கையறைக் கதவைச் சாத்தினேன். அப்புறம் குப்பை போடக் கீழ இறங்கினேன்.

அபூ நௌஃபல் முற்றத்துல வெயில் காஞ்சுக்கிட்டு இருந்தாரு. "வா உக்காரு. உன்னை மாதிரி ஒரு குடித்தனக்காரன் எனக்கு வந்ததே இல்லைய்யா. மேல நாய் இருக்குன்னு சத்தியம் பண்ணாக்கூட எவனும் நம்பமாட்டான்"ன்னாரு. அவருக்கு முதுகுப்பக்கம் வீடு. எனக்கு எதிர்ல எங்க ஜன்னல்.

ஜன்னல்ல நாலும் நின்னுச்சுங்க. முன்னங்காலைக் கண்ணாடியில வெச்சுக்கிட்டு என்னையே பாத்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சுங்க. சிம்சிம் இறங்கி உள்ள ஓடும், திரும்ப வந்து ஏறும். குரைக்கறதை விட்டு மூணு மாசம் ஆன நாய்ங்க ஐயா. எனக்குப் புரியலேன்னு சொன்னா அது பொய். உள்ள நஜாத்துக்கு ஏதோ ஆகுதுன்னு எனக்குப் புரிஞ்சுது.

ஆனா நான் எழுந்து ஓடினா அவரு திரும்பிப் பாப்பாரு. பாத்தா எண்ணுவாரு. நாலு. மறுநாள் சாமான் தெருவுல. பதினாறாவது வீட்டுக்கு எங்க போறது? நான் ஒரு நொடியில இவ்வளவையும் யோசிச்சேன். "வெயில் கண்ணைக் கூசுது அபூ நௌஃபல், உள்ள போய் உக்காரலாமே"ன்னேன். அவருக்குச் சந்தோஷம். காபி வெச்சாரு.

எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. போதும்னா காலிக் கோப்பையை லேசா ஆட்டிக் குடுக்கணும். ஆட்டலேன்னா ஊத்திக்கிட்டே இருப்பாங்க. முதல் கோப்பையிலயே நான் ஆட்டியிருக்கலாம். ஆட்டல. ரெண்டாவதுலயும் ஆட்டல. அதுங்க அலுத்துப் போய் ஜன்னலை விட்டு இறங்கட்டும்னு காத்திருந்தேன். அவரு தன் சம்சாரத்தைப் பத்திப் பேசுனாரு, எப்படிச் சமைப்பா, எப்படிச் சண்டை போடுவான்னு. நானும் கேட்டுக்கிட்டு, ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டு இருந்தேன். மூணாவதைக் குடிச்சுட்டுத்தான் கோப்பையை ஆட்டினேன்.

மேல போனப்ப படுக்கையறைக் கதவோட கீழ்ப்பக்கம் பூரா நகக்கீறல். ஃபுஸ்துக்கோட கால்ல ரத்தம். நஜாத்து முகம் நல்லா சிவந்து, தூங்குற மாதிரிதான் இருந்தா. உடம்புல சூடு கூட இருந்துச்சு.

நீங்க வந்தீங்க. நாய் குரைச்சுதான்னு அக்கம்பக்கம் கேட்டீங்க. எல்லாரும் இல்லைன்னாங்க. என்னைக் கேட்டீங்க. "எனக்கு ஒண்ணும் கேக்கல ஐயா"ன்னேன். அது உண்மைதான். காத்துப் போக வழியில்லாத அறையில ஹீட்டர் விஷவாயு, விபத்துன்னு எழுதி முடிச்சீங்க.

நாலு நாய் இருக்கிறது அன்னைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. வெளிய போகச் சொல்வாருன்னு அபூ நௌஃபல் முன்னால போய் நின்னேன். அவரு என் தோள்ல கை போட்டு அழுதாரு. "பைத்தியக்காரா, சத்தம் போடாத நாய் ரெண்டு இருந்தா என்ன, நாலு இருந்தா என்ன? அன்னைக்கே சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?"ன்னாரு. நான் இன்னும் அந்த வீட்டுலதான் இருக்கேன்.

நேத்து நஜாத்தோட தம்பி ராகிப் வந்தான். "அக்கா பாலூட்டி வளத்தா. அவ சாகறப்ப ஒண்ணு கூட வாயைத் திறக்கல. இதுங்களுக்கு என்ன மச்சான் சோறு? பாலைவன ரோட்டுல கொண்டுபோய் சுட்டுட்டு வர்றேன், சனிக்கிழமை வண்டி கொண்டாறேன்"ன்னான். நாலும் வாலை ஆட்டிக்கிட்டு அவன் செருப்பை மோந்துக்கிட்டு நின்னுச்சுங்க. நான் வாயைத் திறக்கல. இன்னைக்கு விடிஞ்சதும் இங்க ஸ்டேஷனுக்கு வந்துட்டேன்.

என்னை என்ன வேணா பண்ணிக்கங்க. அதுங்களை நஜாத்து எதுக்காகவும் விட்டுக் குடுக்கல. நாய்ங்க மேல பழி வேணாம் ஐயா, எழுதிக்கங்க. குரைச்சுதுங்க. நாலும் குரைச்சுதுங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.